பாவு

தெருவில் கல் பாவுகிறார்கள், நாற்றங்காலில் விதை பாவுகிறார்கள். தறியில் நீளவாக்கில் கிடக்கும் நூலுக்கும் பாவு என்றே பெயர். பரப்புவது, விரிப்பது என்பதே இதன் வேர்ப்பொருள். படுக்கும் பாயும் இந்தக் குடும்பம்தான். பாவின் குறுக்கே போவது ஊடை, அதாவது ஊடே நுழைவது. மலையாளத்தாருக்கும் ஊடும் பாவும்தான். கன்னடத்தில் ஹாசு, ஹொக்கு: விரித்தது, புகுந்தது.

நூலைக் கட்டுவதாகவோ இழுப்பதாகவோ பார்க்காமல் விரிப்பதாக ஏன் பார்த்தார்கள்? உண்மையிலேயே மண்ணுக்கு மேல் விரித்ததால்தான். நெசவாளர் ஊர்களில் இதற்கென்றே பொது நிலம் இருந்தது. அதற்குப் பாவடி என்று பெயர். சேலத்துப் பக்கம் தறிச் சத்தம் அடங்கிய இடங்களிலும் அந்தப் பெயர் மைதானத்துக்கும் தெருவுக்கும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. விடியற்காலையில் முளைகளுக்கு இடையே பாவை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, பாவாற்றி என்னும் நீண்ட தூரிகையால் இருபுறமும் நின்று நீவுவார்கள். வெயில் ஏறினால் கஞ்சி மொரமொரத்து இழை அறும். மழை வந்தால் வேலையே இல்லை. குடும்பத்தோடு அண்டை வீட்டாரும் கைகொடுத்தால்தான் ஒரு பாவு தேறும்.

தறி என்ற சொல்லும் மண்ணில் ஊன்றியதுதான். முதற்பொருள் முளை, கம்பம். கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவிபாடும் என்பதில் வருவது மாடு கட்டும் முளை. அதை நெசவுத்தறியாக்கிக் கம்பனுக்கு நெசவுத் தொழில் தருபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

துணி எவ்வளவு நெருக்கம், எவ்வளவு அகலம் என்பதெல்லாம் பெரும்பாலும் பாவிலேயே முடிவாகிவிடும். அதனால் இழைக் கணக்கும் பாவுக்குத்தான். 120 இழை ஒரு புஞ்சம். சோழமண்டலக் கரையில் துணி வாங்கிய ஆங்கிலேய வணிகர்களும் இந்தப் புஞ்சக் கணக்கை வைத்தே தரம் பிரித்தார்கள்.

இப்போது பாவு பெரும்பாலும் உருளையிலோ கட்டாகவோ வந்து சேர்கிறது. பாவு ஓட்டுகிற வேலை பெரிய மர டிரம்முக்குப் போய்விட்டது. ஓடுகிற தறி என்றால், தீர்ந்த பாவின் நுனிகளை, இழையைத் தூக்கி இறக்கும் விழுதிலும் சீப்பு போன்ற அச்சிலும் அப்படியே விட்டுவைத்து, புதிய இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்துவிடலாம். புதிதாக வாங்கிய சிறு மேசைத்தறியில் பிணைக்கப் பழைய நுனி ஏது? ஒவ்வோர் இழையையும் விழுதின் கண்ணில் நுழைத்து, பிறகு அச்சில் கோத்தாக வேண்டும். 12 அங்குல அகலம், அங்குலத்துக்கு 20 இழை என்றால் 240 இழை. சரியாக இரண்டு புஞ்சம்.

அவசரப்படக் கூடாத இடம் ஒன்று உண்டு. கட்டாக வரும் பாவில், இழைகள் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக மாறிக் குறுக்கிடும் இடத்தைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். இழையின் வரிசையைக் காப்பது அந்தக் குறுக்கீடுதான். அதன் இருபக்கமும் குச்சிகளைச் செருகி, அவற்றைத் தறியோடு கட்டிய பிறகே கயிற்றை அறுக்க வேண்டும்.