லே-ஆஃப்: ஒரு வார்த்தை, ரெண்டு அர்த்தம்

அக்கா பையன் போன மாசம் போன் பண்ணினான். "மாமா, எங்க கம்பெனில லே-ஆஃப்." நான் சாவகாசமா "எத்தனை நாளைக்குடா?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம்தான் உறைச்சுது, அவன் சொன்ன லே-ஆஃப் வேற, நான் திருவொற்றியூர்ல கேட்டு வளர்ந்த லே-ஆஃப் வேற.

எங்க பக்கம் "லே-ஆஃப் உட்டுட்டாங்க"ம்பாங்க, பள்ளிக்கூடம் லீவு விடற மாதிரி. இங்கிலீஷ்ல அது வினைச்சொல்லாவும் வரும், பெயர்ச்சொல்லாவும் வரும். "அவனைச் சீண்டாதே, விடு"ன்னு சொல்லவும் அதேதான். நாம அந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடி நம்ம 'விடு'வை ஒட்டிக்கிட்டோம். லீவு முடிஞ்சா திரும்பப் போகலாம் இல்லையா, அந்த நம்பிக்கை அதுல இருந்தது.

நம்பிக்கைக்குச் சட்டமும் துணை இருந்தது. 1947 தொழில் தகராறு சட்டத்துல 1953-ல் ஒரு திருத்தம் வந்தது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது மாதிரி காரணங்களால, மஸ்டர் ரோல்ல பேர் இருக்கிற தொழிலாளிக்கு வேலை தரமுடியாம போறதுதான் லே-ஆஃப். ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி ரெண்டுலயும் 50 சதவீதம் இழப்பீடு. பதிலி ஆளுக்கும் கேஷுவலுக்கும் கிடையாது. வாங்கணும்னா தினம் ஒரு தடவையாவது கம்பெனில தலையைக் காட்டணும். வேலை இல்லாத நாள்லயும் அப்பா காலைல சட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பினது இதுக்குத்தான்னு ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்குப் புரிஞ்சுது.

ஆளையே எடுத்துட்டா அதுக்குப் பேர் ஆட்குறைப்பு. ஒரு மாச நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம்னு அதுக்குத் தனிக் கணக்கு. கேட்டைப் பூட்டினா லாக்-அவுட், அதாவது கதவடைப்பு. 1921-ல் பெரம்பூர் பக்கிங்காம் - கர்நாடிக் மில்லுல கதவடைப்பும் வேலைநிறுத்தமும் மாசக்கணக்குல இழுத்தது வடசென்னைக்கு மறக்காது.

அமெரிக்காலயும் லே-ஆஃப்னா முதல்ல தற்காலிகம்தான். சீசன் முடிஞ்சா அனுப்புவாங்க, வேலை வந்தா கூப்பிடுவாங்க. போகப்போக கூப்பிடறது நின்னுபோச்சு, வார்த்தை மட்டும் நின்னுடுச்சு. அந்தப் புது அர்த்தம்தான் ஐ.டி.யோட சேர்ந்து பழைய மகாபலிபுரம் ரோட்டுல வந்து இறங்கிச்சு.

பையன்கிட்ட சொன்னேன்: "வாயால லே-ஆஃப்னு சொல்வாங்க, கடுதாசில ராஜினாமான்னு இருக்கும். அதுல கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் ஆட்குறைப்பு இழப்பீடு கேக்கறது கஷ்டம். படிச்சுப் பார்த்துட்டுப் போடு."

"நேத்தே போட்டுட்டேன் மாமா"ன்னான்.