முக்குற்றம்

வாதம், பித்தம், கபம் (வளி, அழல், ஐயம்) ஆகிய மூன்றும் உடலை இயக்குவதாக இந்திய மருத்துவ மரபுகள் கொள்ளும். அளவில் நிற்கும்போது உடலைத் தாங்கும் இவையே, அளவு பிறழ்ந்தால் முக்குற்றம்.

கருத்து மிகப் பழையது. பாலி மொழியிலுள்ள பௌத்த நூலான சம்யுத்த நிகாயம், வேதனையின் காரணங்களை அடுக்கும்போது பித்தம், கபம், வாதம், மூன்றின் கலப்பு ஆகியவற்றையே முதலில் வைக்கிறது. ஆயுர்வேதத்தின் சரக, சுசுருத சம்ஹிதைகள் இதை முழுமையான மருத்துவக் கோட்பாடாக்கின. தமிழில் திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’, இம்மூன்றின் மிகுதியையும் குறைவையும் நோயின் காரணமாகச் சொல்லித் தொடங்குகிறது. மூலிகைப் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. பாதிக்கு மேல் உணவின் அளவைப் பற்றியே பேச்சு.

பெயர்கள் பொதுவாக இருப்பதால் தமிழ் மருத்துவ மரபான சித்தமும் ஆயுர்வேதமும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். உள்ளே நுழைந்தால் வேறுபாடு தெரியும். குழந்தைப் பருவத்தைக் கபத்துக்கும் முதுமையை வாதத்துக்கும் ஆயுர்வேதம் தரும். சித்த நூல்கள் இதைத் தலைகீழாக வைக்கும். பித்தத்தைத் தணிக்க ஆயுர்வேதம் பேதி கொடுக்கும், சித்தமோ வாந்தி செய்விக்கும். சித்தத்தில் பேதி வாதத்துக்கு உரியது.

நாடி பார்த்தல் சரகத்தில் இல்லை. வடமொழியில் அது தெளிவாக வருவது இடைக்காலத்துச் சார்ங்கதர சம்ஹிதையில்தான். சித்த மருத்துவத்திலோ நோயறியும் எண்வகைத் தேர்வில் அதற்கே தலைமை. ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என உணர்ந்து, ஒன்று, அரை, கால் மாத்திரை என்ற விகிதத்தில் நடந்தால் நலம் என்பர். சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் பாடல்கள் சொல்லும் நெய்க்குறி இன்னும் நுட்பமானது: சிறுநீரில் இட்ட நல்லெண்ணெய்த் துளி பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். இப்பாடல்களைச் சித்தர் காலத்தவை என்பது மரபு. நடையோ பெரும்பாலும் பிற்காலத்தைக் காட்டுகிறது.

இந்திய மருத்துவ முறைகளை ஆராய 1921இல் சென்னை மாகாண அரசு அமைத்த உஸ்மான் குழு, வைத்தியர்களிடம் வாக்குமூலம் பெற்று 1923இல் அறிக்கை தந்தது. அதன் தொடர்ச்சியாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 2005இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்தன. முக்குற்றத்தை அளந்து காட்டத்தக்க பொருளாக நவீன உடலியங்கியல் ஏற்கவில்லை. சித்தப் பட்டப்படிப்பு மாணவர்கள் அந்த உடலியங்கியலையும் நாடியையும் சேர்த்தே படிக்கின்றனர்.