தோட்டத்து வெற்றிலையும் பள்ளித் தடுப்பூசியும்



பேராக் ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் வெற்றிலை பாக்கோடு புகையிலையும் மென்றனர். புகையிலையின் தீமையை அறிந்த பின்னும் பாக்கை ஐயுறவில்லை. புகையிலை சேராத தாம்பூலமும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என 2004இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வெளியிட்டது.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கோ எச்.பி.வி. கிருமி காரணம். அதனைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். 2010இல் நம் சுகாதார அமைச்சு 13 வயது மாணவியருக்குப் பள்ளியிலேயே இலவசத் தடுப்பூசி போடத் தொடங்கியது. கிருமி தொற்றுமுன் போட்டால்தான் முழுப்பயன், ஆகவே இவ்வயது.

ஆறாம் ஆண்டில் நான் கற்பிக்கும் மாணவியர் அடுத்த ஆண்டே இடைநிலைப்பள்ளி செல்வர். ஊசிக்குப் பெற்றோர் இசைவு வேண்டும். அப்படிவம் வீடு வந்தால் கூச்சத்தால் ஒதுக்காதீர்கள். காரணத்தை மகளுக்கு விளக்கிக் கையொப்பமிடுங்கள்.