வாங்கும் பாயும்: பாலர் வகுப்பறையின் வரலாறு

பாடசாலை வாங்கு ஒன்றை உற்றுநோக்கியவர்கள் நம்மிற் பலர் இருக்கமாட்டார்கள். அதில் அமர்ந்தோம், எழுந்தோம், மரத்திற் பெயரைச் செதுக்கினோம், அவ்வளவே. ஆயினும் கல்வியின் வரலாற்றை அறிய விரும்புவோர், பாடநூலைப் புரட்டுவதற்கு முன்னர் அந்த வாங்கையே பார்த்தல் வேண்டும். யாருடைய கால்கள் அதன்கீழ் அடங்கும், யாருடைய கண்கள் அங்கிருந்து கரும்பலகையை எட்டும், எவ்வளவு நேரம் அசையாதிருப்பவன் மாணவன் எனப்படுவான் என்பனவற்றை ஆசிரியர் வாய் திறப்பதற்கு முன்னரே அது தீர்மானித்துவிடுகிறது.

பச்சிளங் குழந்தைகளையும் வாங்கு விட்டுவைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் பாலர் பாடசாலைகளைப் பரப்பிய சாமுவேல் வில்டர்ஸ்பின், படிக்கட்டுப்போல ஒன்றன்மேலொன்றாய் உயரும் இருக்கை வரிசைகளைப் புகுத்தினார். பெருந்தொகையான குழந்தைகளை ஒரே ஆசிரியர் ஒரே பார்வையில் அடக்கிவைக்க அது வாய்ப்பாயிற்று. அந்தப் படியில் ஏறமுடியாத குழந்தை என்ன செய்தது? அதுபற்றிக் கேட்டாரில்லை. யேர்மனியிலே புரோபல் 1837இல் தொடங்கி, 1840இல் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பெயரிட்ட நிலையம் விளையாட்டையும் கைவேலையையுமே கல்வியாக்கியது. புருசிய அரசு 1851இல் அதனைத் தடைசெய்தது. 1860இலேதான் தடை நீங்கிற்று. குழந்தைகள் மரக்கட்டை அடுக்குவதைக் கண்டும் ஆட்சியாளர் அஞ்சக்கூடும் என்பதை நாம் இங்கே குறித்து வைப்போம்.

நிற்க. வகுப்பறையைக் குழந்தைக்கேற்ப மாற்றவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது வகுப்பறைக்கு உள்ளே அன்று. அதற்கு வெளியே, 'இவர்களுக்குக் கல்வி ஏறாது' எனத் தள்ளப்பட்டோர் நடுவிலேயாம். 1800ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்தின் அவேரோன் பகுதியில், காட்டில் வளர்ந்த, பேச்சறியாச் சிறுவன் ஒருவன் பிடிபட்டான். அக்காலத்துப் பெரும் மருத்துவரான பினெல், அவன் பயிற்றற்கரியவன் எனத் தீர்ப்பளித்தார். பாரிசு நகரில், செவிப்புலனற்றோர் நிலையத்தில் பணியாற்றிய இத்தார் என்னும் இளம் மருத்துவர் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. விக்டர் என அவனுக்குப் பெயரிட்டு, ஐந்தாண்டுகள் வரை அவனோடு முயன்றார். வெட்டியெடுத்த எழுத்துக்களைக் கையிற் கொடுத்து, தொட்டும் பொருத்தியும் அறியச் செய்தார். விக்டர் பேசக் கற்கவில்லை. தாம் தோற்றதாகவே இத்தார் எண்ணினார். ஆனால் அவருடைய மாணவரான செகேன் அத்தோல்வியிலிருந்தே தொடங்கினார். அறிவு குன்றியோர் என அன்று அடைத்துவைக்கப்பட்ட குழந்தைகளுக்கு, நடையையும் கையையும் கண்ணையும் படிப்படியாகப் பயிற்றும் கருவிகளை ஆக்கி, 1846இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். 1848ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். ஐரோப்பாவில் அந்நூலைத் தேடிப் படித்தவர் சிலரே.

அச்சிலருள் ஒருவர் மரியா மொண்டிசோரி. 1896இல் உரோமில் மருத்துவப் பட்டம் பெற்ற இவர், இத்தாருடைய நூலையும் செகேனுடைய நூலையும் இத்தாலிய மொழியிற் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதினார். 1900இல், உளவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென உரோமில் தொடங்கப்பெற்ற நிலையத்தை நடத்துவோரில் ஒருவரானார். அங்கே படித்த குழந்தைகள் சிலர், பொதுப் பாடசாலைப் பிள்ளைகளோடு ஒருங்கே பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியெய்தினர். ஊரார் அதனை அற்புதம் என்றனர். மொண்டிசோரியோ வேறொன்றை வினவினார்: இவர்கள் எட்டிப்பிடிக்கும் அளவிற்கு, நலமுள்ள பிள்ளைகளைப் பொதுப் பாடசாலை கீழே அழுத்தி வைத்திருப்பது ஏன்? அக்காலத்தின் கல்விக் கேள்விகளுள் இதனிலும் கூரியதொன்றை நாம் அறியோம்.

விடை தேடும் வாய்ப்பு ஒரு கட்டட நிறுவனத்தின் வடிவில் வந்தது. உரோமின் சான் லொறென்சோ பகுதி ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த குடியிருப்பு. அங்கிருந்த வீடுகளை நிறுவனம் ஒன்று திருத்தி வாடகைக்கு விட்டது. தாய் தந்தையர் வேலைக்குச் சென்றபின், தனித்துவிடப்பட்ட சிறுவர்கள் சுவர்களையும் படிகளையும் பாழாக்கினர். சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவிலும் பார்க்கக் குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்க்கும் செலவு குறைவு என நிறுவனம் கணக்கிட்டது. 1907 சனவரி 6ஆந் திகதி, ஏறக்குறைய ஐம்பது குழந்தைகளோடு 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்ட கதை இதுவே. முதலாளியின் கணக்கிலிருந்தும் சில வேளைகளில் நல்லது பிறந்துவிடுகிறது!

அந்த அறைக்குள் வாங்கு புகவில்லை. முதுகு வளையாதிருக்கவென அளவெடுத்து நிலத்தோடு பிணைத்த 'விஞ்ஞான' வாங்குகள் பெருமைபெற்றிருந்த காலம் அது. மொண்டிசோரி அவற்றைக் கடுமையாகச் சாடினார். முதுகை வளைக்கும் கல்விமுறையை விட்டுவிட்டு மரத்தைத் திருத்துவதாற் பயனென்ன என்பதே அவர் வாதத்தின் சாரம். இரண்டு சிறுவர் தூக்கிச் செல்லத்தக்க மேசைகள், குழந்தையளவுக் கதிரைகள், எட்டிக் கைகழுவத்தக்க தொட்டி, தாழ்வான கரும்பலகை ஆகியவற்றை அமைப்பித்தார். நிலத்தில் பாய் விரித்து வேலைசெய்யவும் இடமிருந்தது. கற்பித்தற் பொருள்களோ முதலிற் பூட்டிய அலுமாரியிலேதான் இருந்தன. ஒருநாள் அலுமாரியைப் பூட்ட மறந்த ஆசிரியை தாமதித்து வந்தபோது, குழந்தைகள் தாமாகவே வேண்டியவற்றை எடுத்து வேலையில் ஈடுபட்டிருந்தனர். ஆசிரியை அதைத் திருட்டெனக் கண்டாள். மொண்டிசோரி அதைத் தெரிவெனக் கண்டார். அதன்பின் பூட்டிய அலுமாரி போய், தாழ்ந்த தட்டுக்கள் வந்தன.

இவை வெறும் அலங்காரமல்ல. பல்வேறு பருமனுள்ள மரவுருளைகளை அவற்றுக்குரிய குழிகளிற் பொருத்தவேண்டும். ஒன்று பிழைத்தால் இறுதியில் ஓருருளை இடமின்றி நிற்கும். பிழையைச் சொல்வது பொருள், ஆசிரியரின் பிரம்பன்று. ஆகவே மெதுவாகக் கற்கும் பிள்ளை வகுப்பின் முன்னிலையில் வெட்கப்பட வேண்டியதில்லை. அரத்தாளில் வெட்டிய எழுத்தைக் கண்ணாற் காணலாம், விரலாற் தடவலாம், அதன் ஒலியைக் காதாற் கேட்கலாம். ஒரு வாயில் அடைபட்ட குழந்தைக்கு மற்றொரு வாயில் திறந்திருக்கும். பாயில் இருப்போரிடையே, கால் வலுவற்ற குழந்தையும் ஏனையோரின் மட்டத்திலேயே இருக்கிறது. மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரே அறையிற் கலந்திருப்பதால், 'வயதுக்கேற்ற பாடம் வரவில்லை' என்று எவரையும் புறத்தே நிறுத்தவும் இடமில்லை.

ஆனால் புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. அந்த இல்லத்தின் விதிகளில் விலக்கல் விதியும் ஒன்று இருந்தது. குளிப்பாட்டாமல் அழுக்குடையில் அனுப்பப்பட்ட குழந்தை நீக்கப்படும். திருத்தவியலாத குழந்தை நீக்கப்படும். பெற்றோர் ஆசிரியைக்கு மரியாதை காட்டாவிடினும் குழந்தை நீக்கப்படும். யாவருக்கும் ஏற்ற அறையை அமைத்தவர்கள், அதன் வாயிலிலே வடிகட்டியொன்றையும் பொருத்தினர். பின்னர் அம்முறை உலகெங்கும் பரவியபோது, செல்வர் வீட்டுப் பிள்ளைகளே அதனை முதலில் அனுபவித்தனர். 1924 முதல் முசோலினியின் ஆதரவையும் மொண்டிசோரி ஏற்றார். 1934இலேயே அவ்வுறவு முறிந்து, இத்தாலியில் அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன. இதனை மறைத்து வரலாறு எழுதுதல் நேர்மையாகாது.

1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், போர் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். விரலால் எழுத்தறிவித்தல் நம்மவர்க்குப் புதிதன்று. விசயதசமியில் அரிசியிலும், திண்ணைப் பள்ளியில் மணலிலும் நம் பாட்டன்மார் எழுதினர். சென்னையில் அம்மணலெழுத்தைக் கண்ட அண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, அதனைத் தம் முறையில் இணைத்து இங்கிலாந்துக்கும் கொண்டுசென்றார். ஆனால் அத்திண்ணையில் ஏற எல்லாச் சாதிக் குழந்தைக்கும் உரிமை இருக்கவில்லை.

வாங்கும் இங்கே வெறும் மரமாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருக்க, ஏனையோர் வாங்கில் இருந்த காலமும் உண்டு. 1920களின் இறுதியில் சம ஆசனம் கோரி எழுந்த இயக்கத்திற்கு, 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு துணைநின்றது. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப் பணிக்கப்பட்டபோது, பாடசாலைகளுக்குத் தீயிட்டவர்களும் இருந்தனர். நிலம் இழிவென்றும் வாங்கு உயர்வென்றும் ஆக்கிவைத்த நாட்டில், எல்லாரும் ஒரே பாயில் இருப்பது எத்துணை பெரிய மாற்றம் என்பதை உரோமாபுரியார் அறிந்திருக்க நியாயமில்லை.

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை என்றனர். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோ அதன் படலைக்கு வெளியே நின்றனர். இன்றும் முன்பள்ளிகள் பெரும்பாலும் தனியார், சமய நிறுவனங்கள், உள்ளூராட்சி மன்றங்கள் ஆகியோரிடமே உள்ளன. 'மொண்டிசோரி' என்னும் பெயர் ஊர்தோறும் பலகையிற் தொங்குகின்றது. கட்டணம் வாங்கும் சிறுவர் பள்ளி எதற்கும் அதுவே பொதுப்பெயராகிவிட்டது. பலவற்றின் உள்ளே நாம் காண்பது, வரிசையாக இட்ட கதிரைகளும், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்கு இப்போதே ஓடத் தொடங்கிய குழந்தைகளுமே.

இளமையில் போலியோவாற் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் றொனால்ட் மேஸ், யாவருக்குமான வடிவமைப்பு என்னும் கொள்கையை 1980களில் முன்வைத்தார். கட்டி முடித்தபின் ஊனமுற்றோருக்கெனத் தனிவழி வெட்டாது, முதலிலேயே அனைவரும் புகத்தக்கதாய்க் கட்டவேண்டும் என்றார். பின்னர் கல்வியாளர் அதனைப் பாடத்திட்டத்திற்கும் விரித்தனர். கேட்கப் புதிதாயினும், செகேனின் கருவிகளையும் சான் லொறென்சோவின் தாழ்ந்த தட்டையும் அறிந்தார்க்கு இது பழைய உறவினரைக் காண்பது போன்றதே.

இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணங்காட்டிக் கல்வி நிலையம் எதிலும் அனுமதி மறுத்தலாகாது என்கிறது. ஆயினும் கால் விளங்காத குழந்தையை இடுப்பிற் சுமந்துவரும் தாய், முன்பள்ளி வாசலிற் கேட்பது பெரும்பாலும் ஒரே மறுமொழியையே: 'எங்களிடம் அதற்கு வசதியில்லை.' எந்த வசதி? வாசற்படியருகே ஒரு சரிவும், தாழ்ந்த ஒரு தட்டும், விரிக்க ஓர் ஓலைப்பாயும் போதுமே! அத்தாய் இவற்றைக் கேட்பதில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடக்கிறாள். அச்சட்டத்தின் இலக்கத்தை அவளுக்கு எவரும் சொல்லியதில்லை.