தலையசைத்தால் சம்மதமா?

இளையரசனேந்தல் பக்கம் எங்கள் தெருவுக்கு ஆய்வு என்று சொல்லிக்கொண்டு மாணவர்கள் வருவது புதிதல்ல. போன மாதமும் ஒரு கல்லூரியிலிருந்து வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் தன்னம்பிக்கையை அளக்க ஒரு படிவம். முதலில் பெயர், அடுத்து சாதி, அதற்குப் பிறகுதான் கேள்விகள். அடியில் தலைமையாசிரியர் கையெழுத்துக்கு ஒரு கோடு. பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் இடமே இல்லை.

சாதியை எழுத வைத்துவிட்டுத் தன்னம்பிக்கையைக் கேட்டால் என்ன கிடைக்கும்? விடை இருபது வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமச் சிறுவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். 2004இல் உலக வங்கியின் ஆய்வுத்தாளாக வெளிவந்தது. உயர்சாதி எனப்படுவோர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேர். எல்லாரும் 6, 7ஆம் வகுப்புப் பையன்கள். தாளில் அச்சடித்த புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்ததற்கு ஏற்பக் காசு. சாதியைச் சொல்லாத குழுக்களில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. வேறு சில குழுக்களில், தொடங்கும் முன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் மற்றவர்கள் முன்னால் உரக்கச் சொன்னார்கள். சரியென்றால் அவன் தலையசைக்க வேண்டும். அவ்வளவுதான் செய்தார்கள். நம் பிள்ளைகள் தீர்த்த புதிர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது.

பரிசு யாருக்கு என்பதைக் குலுக்கலுக்கு விட்டபோது அந்த இடைவெளி மறைந்தது. மூளையில் குறை இருந்தால் குலுக்கலில் அது எப்படி மறையும்? மேலே உட்கார்ந்திருப்பவரிடம் நமக்கு நியாயம் கிடைக்காது என்று பிள்ளைகள் போட்ட கணக்குதான் கையைக் கட்டியது. தகுதி, திறமை என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எங்களிடம் இல்லை.

சாதி சொல்லப்படாத குழுவை ஆய்வு மொழியில் 'கட்டுப்பாட்டுக் குழு' என்பார்கள். எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்கப் போன பிள்ளைகளை, ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அந்தக் காணொளி வெளியே வந்த பிறகுதான் வழக்கும் கைதும். நாங்களும் அதைப் பகிர்ந்தோம். பிள்ளைகளின் முகத்தை மறைக்க வேண்டும் என்று அன்று எங்களுக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் உத்தரப் பிரதேசப் பையனின் அந்தத் தலையசைப்பு உறுத்துகிறது. அவன் ஆமோதித்தது விவரத்தை. தன் சாதியைச் சபையில் சொல்லலாம் என்பதற்கு அது ஒப்புதல் ஆகாது. அட்டவணையில் இருப்பது புதிர்களின் எண்ணிக்கை. அவன் வீட்டுக்கு எதைச் சுமந்து போனான் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

ஒப்புதலை அடுத்தவர் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகள் உட்பட ஆயிரக்கணக்கானோருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் போட்டு ஆய்வு நடத்தினார்கள். பல படிவங்களில் பெற்றோர் இடத்தில் விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி பெற்றோரின் ஒப்புதலோடு, விவரம் தெரிந்த பிள்ளையின் இசைவும் தேவை. நிறுவனத் தலைவரின் அனுமதி அதற்கு ஈடாகாது.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வாளருக்காவது நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கிறது. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்கிற ஆசிரியருக்கு எந்தக் குழு? நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. உத்தரப் பிரதேசத்தில் சில நிமிடம் நடந்த சோதனை, நம் வகுப்பறைகளில் வருடம் முழுக்க நடக்கிறது.

வந்த மாணவர்களை நாங்கள் விரட்டவில்லை. உட்கார வைத்து டீ கொடுத்து, சாதிக் கட்டத்தைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள், விருப்பம் இருந்தால் மட்டும் நிரப்பச் சொல்லுங்கள் என்றோம். பெற்றவருக்கு ஒரு கோடு, பிள்ளைக்கு ஒரு கோடு போடச் சொன்னோம். அடுத்த வாரம் திருத்திக் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகள் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.