கங்காணி முன்பணம் முதல் ஒன்பது வருடத் தவணை வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தெற்கு எல்லையில் இருக்கிறது தஞ்சோங் மாலிம். அங்குள்ள புரோட்டோன் தொழிற்சாலையில்தான் எக்ஸ்70, எக்ஸ்50 கார்கள் தயாராகின்றன. எக்ஸ்70 முதலில் 2018 டிசம்பரில் சீனாவிலிருந்து இறக்குமதியாகி வந்தது. பிறகு தஞ்சோங் மாலிமிலேயே கட்டப்பட்டது. எக்ஸ்50 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. ஏழு பேர் உட்காரக்கூடிய பெரோடுவா அரூஸ் 2019 ஜனவரியில் வெளியானது. தாத்தா பாட்டியையும் பிள்ளைகளையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போக முடிகிற கார் உட்பட எஸ்யூவிகள் இப்படி அடுத்தடுத்து வரவே, ஈப்போவின் தமிழ் வீடுகளில் எஸ்யூவி பேச்சு தொடங்கியது. கூடவே வங்கிகளின் சலுகை வட்டி அறிவிப்புகளும் வந்தன. ஷோரூம் பலகையில் விலையைவிட மாதத் தவணையே பெரிய எழுத்தில் தெரிகிறது.

வாங்கலாமா, பொறுக்கலாமா என்று இந்தக் குடும்பங்கள் நடத்தும் விவாதத்துக்கு நூறு வருடத்துக்கும் மேலான பின்னணி உண்டு. பேராக் தமிழரில் பலர் வந்ததே கடன் வழியாகத்தான்.

பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, 1877இல் கோலக்கங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் மேற்குக் கரையெங்கும் பால்மரத் தோட்டங்கள் பரவின. பால்வெட்ட ஆள் தேடித் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போன கங்காணி, வழிச்செலவுக்கென்று முன்பணம் கொடுத்தார். கப்பல் கூலி, துணிமணி, ஊரில் பட்ட பழைய கடன் எல்லாம் அந்தக் கணக்கில் ஏறின. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, முதலாளிகள் கட்டிய வரியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. சட்டப்படி தொழிலாளி கடனில்லாமல் இறங்கினான். ஆனாலும் கங்காணியிடம் கைமாற்று வாங்குவது நிற்கவில்லை. தன் கீழ் வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே கடன்பட்ட ஆள் தோட்டத்தை விட்டுப் போகாமல் இருப்பது அவருக்கு லாபம். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்ததும் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

தோட்டத்துக் கடைப் பற்று அதற்குப் பிறகும் தொடர்ந்தது. உள்ளங்கையில் அடங்கும் 555 நோட்டு மலேசியாவில் பலருக்கும் நினைவிருக்கும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், கருவாடு என்று தேதி வாரியாக அதில் ஏறும். சம்பள நாளில் தோட்டக் கணக்கரான கிராணியின் மேசையிலிருந்து வாங்கிய பணத்தை எண்ணி முடிப்பதற்குள் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைப் பிரித்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றாலும் நோட்டில் ஏறுவது நிற்காது. ஒரு குடும்பத்தின் வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்க, கடன் மட்டும் ஒழுங்காக வளர்ந்த அனுபவம் அது. இன்று ஓவர்டைம் பணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கார்க் கடனுக்கு மனுப் போடுபவர்கள் அந்த நோட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நகரத்துக் கடன் வேறு வகை. செட்டியார்களின் கிட்டங்கிகளில் நிலப் பட்டாவும் நகையும் ஈடாக வந்தன. தோட்டத் தொழிலாளியைவிட சிறு நிலக்காரரும் வியாபாரியுமே அங்கே அதிகம் போனார்கள். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்ததும் ஈடு வைத்த நிலங்கள் கைமாறும் நிலை வந்தது. சிறு நில விற்பனையைக் கட்டுப்படுத்த 1931இல் ஒரு சட்டம் வந்தது; 1933இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இறுக்கப்பட்டது. தவணை தவறினால் பொருளை எப்படி, எப்போது பறிக்கலாம் என்பதை அரசு வரையறுக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த நாட்டில் கார் பெருகுவதற்கு முன்பே வேர்விட்டிருந்தது.

இந்த வரலாற்றில் மாறுபட்ட ஓர் அத்தியாயம் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தனுடையது. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு வேலையும் வீடும் ஒரே நேரத்தில் போயின. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. நாள் கூலிக்காரரால் அதை ஒரே தடவையில் கட்ட முடியாது என்பதால், மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று வைத்தார். தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தார். சேர்ந்த பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை. பால்மரம் வெட்டியவர்கள் அந்த மரத்துக்கே பங்குதாரர் ஆனார்கள்.

அதுவும் தவணைதான். ஆனால் கட்டக் கட்ட, கட்டியவர் பெயரில் ஏதோ ஒன்று சேர்ந்தது. பேராக் தமிழரின் தவணை வரலாற்றில் இதைவிடப் பெருமைப்படத்தக்க ஒன்று இல்லை.

வீட்டளவில் பெண்கள் நடத்திய கூட்டும் இருந்தது. பத்துப் பதினைந்து பேர் மாதாமாதம் போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தமாக எடுப்பார். தையல் இயந்திரம், சைக்கிள், மகள் காதுக்குத் தோடு எல்லாம் இப்படி வந்தவை. பணத்தோடு ஓடிப்போனவர்களும் இருந்தார்கள். 1971இல் கூட்டு நிதித் தடைச் சட்டமே வந்தது.

இனி கார்க் கடன். காரைத் தவணையில் விற்கும் பழக்கம் அமெரிக்காவில் பெருகியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1919இல் தனிக் கடன் நிறுவனமே தொடங்கியது. கடனை விரும்பாத ஹென்றி ஃபோர்டு 1923இல் வேறொரு திட்டம் கொண்டுவந்தார்: வாரம் ஐந்து டாலராகக் கட்டி, விலை முழுவதும் சேர்ந்த பிறகே காரை எடுக்க வேண்டும். மக்கள் அவ்வளவு நாள் காத்திருக்கத் தயாராக இல்லை. ஃபோர்டு கம்பெனியும் சில ஆண்டுகளில் கடன் கொடுக்கும் வழிக்கு வந்தது.

மலேசியாவின் வாடகைக் கொள்முதல் சட்டம் 1967இல் இயற்றப்பட்டு 1968 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கடைசித் தவணை கட்டும்வரை கார் வங்கியுடையது. ஓட்டுபவர் வாடகைக்கு எடுத்தவர். ரொக்க விலையில் பத்தில் ஒரு பங்காவது முன்பணம் கட்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், 21 நாள் எழுத்துமூல அவகாசம் கொடுத்த பிறகே காரை இழுக்கலாம். ரொக்க விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டி முடித்திருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். இந்தப் பாதுகாப்பு இருப்பது தெரியாமலே பயந்து காரை ஒப்படைத்தவர்கள் உண்டு.

1985இல் புரோட்டோன் சாகா வந்தது, 1994இல் பெரோடுவா கஞ்சில். அதற்குள் பல தோட்டங்களில் பால்மரங்களை வெட்டிச் சாய்த்து செம்பனை நட்டாயிற்று. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் ஈப்போவின் புந்தோங், மெங்லெம்பு, குனோங் ராப்பாட் பக்கம் குடியேறினார்கள். தொழிற்சாலை ஒரு மூலையில், பள்ளி இன்னொரு மூலையில், மருத்துவமனை வேறெங்கோ. கப்சாய் மோட்டார் சைக்கிளில் நான்கு பேர் நனைந்துகொண்டு போன குடும்பத்துக்குக் கஞ்சில் ஆடம்பரம் இல்லை, தேவை. எஸ்யூவியையும் பெருமைக்கு வாங்குகிறார்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. முதியவர்களால் சிரமமில்லாமல் ஏறி இறங்க முடிகிறது. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்க்க எல்லாரும் ஒன்றாகப் போக முடிகிறது.

சிக்கல் கடன் கணக்கில் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு லட்சம் வெள்ளிக் கார், பத்தாயிரம் முன்பணம், தொண்ணூறாயிரம் கடன் என்று வைத்துக்கொள்வோம். சலுகை வட்டி 2.5 விழுக்காடு, ஒன்பது வருடம். வாடகைக் கொள்முதலில் நீண்டகாலம் வழக்கத்தில் இருந்த நிலை வட்டி முறையில், கடன் குறையக் குறைய வட்டி குறையாது. தொண்ணூறாயிரத்துக்கும் ஒன்பது வருட வட்டி 20,250 வெள்ளி. மாதத் தவணை சுமார் 1,021. குறைந்துவரும் நிலுவையின் மேல் கணக்கிட்டால் இந்த 2.5 என்பது உண்மையில் 4.6க்கு மேல். அதே கடனை ஐந்து வருடத்தில் கட்டினால் வட்டி 11,250தான். ஆனால் தவணை 1,687.50 வெள்ளி ஆகிவிடும்.

அந்த முறையில், இடையில் கடனைத் தீர்க்க நினைத்தவர்களுக்கு இன்னொரு கணக்கு காத்திருந்தது. ‘ரூல் ஆஃப் 78’ என்ற முறை வட்டியின் பெரும்பகுதியை முதல் வருடங்களிலேயே வசூலாகிவிட்டதாக எடுத்துக்கொண்டது. அதன்படி மேற்சொன்ன கடனில் நான்கு வருடம் கட்டியபின் தீர்க்கப் போனால், மொத்த வட்டியில் ஏறத்தாழ 69 விழுக்காடு போயிருக்கும். இதுவரை கட்டியது 49,000 வெள்ளி. இன்னும் கட்ட வேண்டியது கிட்டத்தட்ட 55,000. அந்த வயதுக் கார் அந்த விலைக்குப் போகாவிட்டால், விற்றும் கடன் தீராது. மாதத் தவணையைப் பெரிதாக எழுதும் பலகை சொல்லாமல் விடுவது இதைத்தான்.

சலுகை வட்டியே கூடாது என்பதில்லை. ஏழு பேர் உள்ள வீட்டுக்கு ஏழு இருக்கை தேவைதான். ஆனால் ஓவர்டைம் இல்லாத அடிப்படைச் சம்பளத்தில், ஐந்து வருடத் தவணையைக் கட்ட முடியுமா என்று பார்ப்பதே சரியான அளவுகோல். ஒன்பது வருடத்துக்கு நீட்டினால்தான் கட்டுப்படியாகும் என்றால், அந்தக் கார் இன்னும் அந்த வீட்டுக்கு எட்டவில்லை. இன்னும் சிறிது முன்பணம் சேர்ப்பது, அல்லது நல்ல நிலையில் உள்ள பழைய காரைப் பார்ப்பது நல்லது.

ஷோரூமுக்குப் போகிறவர்கள் மாதத் தவணையோடு நிற்காமல் மூன்று எண்களை எழுதி வாங்குங்கள்: கடைசிவரை கட்டும் மொத்தத் தொகை, உண்மையான வட்டி விகிதம், ஐந்தாம் வருடத் தொடக்கத்தில் கடனைத் தீர்க்க ஆகும் பணம். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.