ஹந்தானையில் உருவான திண்மக் கலம்

ஒளியணு ஒன்று பொதுவாக விடுவிப்பது இலத்திரன் ஒன்றையே. ஒளியணுக்களைத் தனித்தனியே எண்ணும் சிலிக்கன் இருவாயி, உயர்ந்த மின்னழுத்தத்தால் அவ்வொன்றைப் பனிச்சரிவெனப் பெருக்கிக் கொள்ளும். சாயம் ஏற்றிய சூரியக் கலத்துக்கு அவ்வாய்ப்பில்லை. இலத்திரன் வழியில் தொலைந்தால் தொலைந்ததே.

1991இல் கிறேற்செல், ஓ'ரீகன் ஆகியோர் சுவிற்சர்லாந்தில் அறிவித்த கலத்தில், இலத்திரனை இழந்த சாயத்துக்கு ஈடளித்தது ஒரு திரவம். திரவமோ கசியும், ஆவியாகும்.

ஹந்தானைச் சாரலிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்துக் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர் 1995இல் அத்திரவத்தையே நீக்கினர். தைத்தானியம் ஈரொட்சைட்டின் நுண்துளைகளில் செப்பு அயடைட்டு என்னும் குறைகடத்தியை நிரப்பினர். சாயம், செம்மலர்களுக்கு நிறந்தரும் சயனிடின். வினைத்திறன் ஏறத்தாழ 0.8 சதவீதம். சிறிய எண்தான், ஆயினும் திண்மக் கலம் இயலும் என்பதற்கு அது போதிய சான்று. அயடைட்டுப் பளிங்குகள் பெருத்துத் துளைகளுள் புகாமை எஞ்சிய குறை. தயோசயனேற்று உப்பைச் சேர்த்து அவ்வளர்ச்சியைத் தடுக்கும் வழியைக் குமார, தென்னக்கோன் முதலியோர் 2002இல் வெளியிட்டனர்.